தன் குரலுக்குத் தானே விலை சொன்னவர்: கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்

பால்மரக் காட்டிலும் தேயிலை மலையிலும் உழைத்து வாழ்ந்த நம் குடும்பங்களில், எழுத்து அறியாத பாட்டிமார்கூட அறிந்து வைத்திருந்த பெயர்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று கே. பி. சுந்தராம்பாள். பெயரைச் சொன்னவுடன் இரண்டு செய்திகள் நம் நினைவுக்கு வரும். ஒன்று, ஊரின் ஒரு கோடியில் எழுந்தால் மறு கோடியில் கேட்கும் அந்தக் குரல். மற்றொன்று, அந்த அம்மையார் உடுத்திய வெள்ளைச் சேலை. இந்த இரண்டையும் பலர் பேசியிருக்கிறார்கள். நாம் இன்று மூன்றாவதாக ஒன்றைப் பேச விரும்புகிறோம். தன் உழைப்புக்கு என்ன விலை, அந்த உழைப்பை எந்த நிபந்தனையில் தருவது என்பதைத் தாமே முடிவு செய்தவர் அவர். கூலியைப் பிறர் நிர்ணயிக்க, அதைக் கைநீட்டி வாங்கிப் பழகிய நமக்கு இந்தச் செய்தி மிகவும் வேண்டியது.

முதலில், இந்தக் குரல் நம்மவரிடம் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றைப் பார்ப்போம். சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் நீரிணையின் கரையில் இருக்கிறது செம்பவாங். அந்த ஊர்ப் பெயரே ஒரு மரத்தின் பெயர் என்பார்கள். இன்று அடுக்குமாடி வீடுகளும் ரயில் நிலையமும் நிறைந்த அந்தப் பகுதி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களின் பகுதி. புக்கிட் செம்பவாங் ரப்பர்க் கம்பெனி 1911-ஆம் ஆண்டில் தோன்றியது. பின்னர் பிரிட்டிஷார் அங்கே பெரிய கடற்படைத் தளம் ஒன்றைக் கட்டினார்கள். கப்பல்களைப் பழுதுபார்க்கும் அதன் பெரிய உலர்துறை 1938 பிப்ரவரி 14-ஆம் நாள் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் அங்கே கூலிகளாகவும் கொல்லர்களாகவும் எழுத்தர்களாகவும் வேலை செய்தார்கள். 1971-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படைகள் விடைபெற்றன. கப்பல் வேலை மட்டும் செம்பவாங் கப்பல் பட்டறையாகத் தொடர்ந்தது.

அந்தத் தளத்துத் தொழிலாளர்கள் 1960-களில் ஒரு மரத்தடியில் முருகனை வைத்து வழிபடத் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக வளர்ந்து, ஈசூன் பகுதிக்கு இடம் மாறி, இன்றும் பங்குனி உத்திரத்தைச் சிறப்பாகக் கொண்டாடி வருகிறது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையானாலும் செம்பவாங் ஆனாலும், மலேசியத் தோட்டமானாலும் இலங்கை மலையகமானாலும், முருகன் கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் எழும் குரல்களில் சுந்தராம்பாளின் குரலும் ஒன்றாக இருக்கும். எங்கோ காவிரிக் கரையில் பிறந்த ஒரு பெண்ணின் குரல் கடல் கடந்து கப்பல் துறைவரை வந்தது எவ்வாறு? அந்தக் கதையைக் கேட்போம்.

ஈரோட்டுக்குத் தெற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. அங்கே 1908-ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கே. பி. என்ற எழுத்துகளில் முதலாவது ஊரைக் குறிக்கும். இரண்டாவது தாயைக் குறிக்கும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடும் வழக்கம் நிறைந்த நாட்டில், தாயின் பெயரைத் தாங்கி வாழ்ந்தவர் அவர். தாய்தான் பிள்ளைகளைக் காத்து வளர்த்தார். வீட்டில் வறுமை குடியிருந்தது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டிகளில் பாடி, பயணிகள் தரும் காசைத் தாயிடம் கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். ஓடும் ரயிலின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும். கேட்டால்தான் காசு விழும். பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் வியந்த அந்தக் குரலுக்கு முதல் பயிற்சிக்கூடம் ரயில் பெட்டிதான்.

குழந்தைப் பருவத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்தில் சிறுவன் வேடம் கிடைத்தது. நல்லதங்காள் கதை நமக்குத் தெரிந்ததுதான். பஞ்சத்தில் வாடிய தாய், அண்ணன் வீட்டிலும் ஆதரவு கிட்டாமல், தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த கதை. அதில் பசியால் அழும் பிள்ளையாகச் சுந்தராம்பாள் பாடினார். பசியை நடித்துக் காட்ட அந்தக் குழந்தைக்கு யாரும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அந்தக் கால நாடகத்தைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒரு முறை இருந்தது. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களை, ஒவ்வொருவராகப் பேசி முடித்து, ஓர் இரவுக்கு மட்டும் வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆண் வேடத்தில் முதன்மையானவர் ராஜபார்ட். பெண் வேடத்தில் முதன்மையானவர் ஸ்திரீபார்ட். ஒருவர் பாட்டால் மடக்குவார். மற்றவர் பாட்டாலேயே விடை சொல்வார். பக்கத்தில் ஆர்மோனியப் பெட்டியும் மிருதங்கமும் ஒலிக்கும். விடிய விடிய நடக்கும். ஊதியம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பெயர் பெற்றவருக்குப் பெருந்தொகை, மற்றவருக்குச் சில்லறை.

மைக் வசதி பரவாத காலம் அது. கீற்றுக் கொட்டகையில் கடைசியாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் பாட்டின் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காக நடிகர்கள் மேல் சுருதியில் பாடினார்கள். கூட்டத்தின் சலசலப்பு தாழ்ந்த ஒலியாகவே இருக்கும். அதற்கு மேலே எழுந்து செல்லும் குரல்தான் தனித்துக் கேட்கும். சுந்தராம்பாள் மேல் சுருதியிலும் சொல்லைச் சிதைக்காமல் பாடினார். வல்லினம் வல்லினமாகவும் மெல்லினம் மெல்லினமாகவும் ஒலிக்கும். தாளக்கட்டு இல்லாமல் விருத்தம் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே மணியாக விழும். எழுத்து அறியாத மக்களும் அவர் பாட்டைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தது இதனால்தான்.

1926-ஆம் ஆண்டில் அவர் நாடகம் ஆட இலங்கைக்குச் சென்றார். தமிழ்நாட்டு நாடகக் கலைஞர்களுக்கு அந்நாளில் இலங்கை ஒரு பெரிய களம். கொழும்பில் வணிகர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மலைநாட்டில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கு ஊர்ப்பாட்டு என்றால் எத்தனை ஆவல் இருந்திருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அங்கேதான் அவர் செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார்.

கிட்டப்பா 1906-ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே மேடையேறி, தமிழ்நாடு முழுவதும் புகழ் பெற்றிருந்தார். அவருக்கு நிகராகப் பாடக்கூடியவர் இல்லை என்ற பேச்சு இருந்த காலத்தில், சுந்தராம்பாள் எதிரே நின்று பாடினார். அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் பாடிய வள்ளி திருமணத்தைக் காண மக்கள் திரண்டார்கள். மேடையில் தொடங்கிய நட்பு 1927-ஆம் ஆண்டில் திருமணமாக முடிந்தது.

ஆனால் அந்த வாழ்வு இனிமையாக நீடிக்கவில்லை. கிட்டப்பா பிராமணர், ஏற்கெனவே மணமானவர். சுந்தராம்பாளை அந்தக் குடும்பம் மனமார ஏற்கவில்லை. பிறந்த குழந்தை சில நாள்களிலேயே இறந்தது. கணவரும் மனைவியும் பிரிந்து வாழ நேர்ந்தது. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. அன்பும் கோபமும் மானமும் கலந்து, ஒரு பெண் தன் உரிமையைக் கேட்டு எழுதிய கடிதங்கள் அவை. கொட்டகை நிறையக் கைதட்டு வாங்கியவருக்கு, வீட்டில் ஒரு நிலையான இடம் கிடைக்கவில்லை. இந்த நிலை நம் குடும்பங்களிலும் புதிதல்ல. உழைத்துச் சம்பாதிக்கும் பெண்ணின் கூலி எல்லாருக்கும் வேண்டும். அவள் மனம் யாருக்கு வேண்டும்?

1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா உடல்நலம் குன்றி இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். நெற்றியில் திருநீறு அணிந்தார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதியை இறுதிவரை காத்தார்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பல சொற்பொழிவுகளில் இந்த வெள்ளைச் சேலையை மட்டும் காட்டி, ‘பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்’ என்று பாடம் சொல்வார்கள். நாங்கள் அவ்வாறு சொல்லமாட்டோம். 25 வயதில் கணவனை இழந்த ஒரு பெண், வாழ்நாள் முழுவதும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று எந்தத் தாயும் தன் மகளுக்கு விரும்பக்கூடாது. விதவை மூலையில் இருக்க வேண்டும், மங்கல நிகழ்ச்சியில் முகம் காட்டக்கூடாது என்று சொன்ன காலம் அது. அந்தக் காலத்தின் வழக்கத்தைச் சுந்தராம்பாள் எதிர்த்து எறியவில்லை என்பது உண்மை. ஆனால் அதை உடுத்திக்கொண்டு அவர் மூலைக்குப் போகவில்லை. மேடைக்குப் போனார். விதவைக் கோலம் அவருக்கு வேலைக்குப் போகும் உடையாயிற்று. ஊர் அவரைச் சகுனம் பார்த்து ஒதுக்கவில்லை. அவர் குரலைக் கேட்டு விளக்கேற்றியது. சேலையைவிட இந்த மாற்றம்தான் நாம் கவனிக்கத் தக்கது.

துயரத்தால் சிறிது காலம் ஒதுங்கி இருந்தவரைத் திரைப்படம் தேடி வந்தது. அசன்தாஸ் என்ற வடநாட்டு வணிகர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பினார். சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அவர்கள் விலகிப் போகட்டும் என்றே அந்தத் தொகையைச் சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு. ஆனால் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். 1935-ஆம் ஆண்டில் படம் வெளிவந்தது. ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்ற செய்தி நாடெங்கும் பரபரப்பை உண்டாக்கியது.

அந்தத் தொகையை நம் கணக்கில் பார்ப்போமா? மலாயாவில் 1920-களின் இறுதியில் பல தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி, ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. அன்று ஒரு மலாயா வெள்ளி சுமார் ஒன்றரை ரூபாய் பெறும். ஒரு தோட்டப் பெண் 40 காசு வீதம் ஆண்டுக்கு 300 நாள் பால் வெட்டினால், ஒரு லட்சம் ரூபாயைச் சேர்க்க ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவும் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் இருந்தால்! நடிகைக்கும் தொழிலாளிக்கும் இருந்த இந்த இடைவெளி நியாயமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் வேறொன்றையும் கவனியுங்கள். பெண்ணாயிற்றே என்று அவருக்குப் பத்துக் காசு குறைக்க முடியவில்லை. ஆண் நடிகர்கள் எவரும் அதுவரை பெறாத தொகையை ஒரு கைம்பெண் கேட்டுப் பெற்றார்.

அந்தப் படத்தில் அவர் நடித்த வேடம் எது தெரியுமா? பெண் வேடம் அல்ல. நந்தனார் வேடமே அவருடையது. ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியைக் காக்க, அவரே ஆண் வேடம் பூண்டார். நந்தனார் கதையை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பண்ணையாள். சிதம்பரம் சென்று நடராசரைக் காண வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஆண்டையின் அனுமதி இல்லாமல் போக முடியாது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லியே நாள் கழிகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். துரையிடமும் கிராணியிடமும் கங்காணியிடமும் ஒரு நாள் விடுப்புக்காக நின்ற நம் முன்னோருக்கு இந்தக் கதை புராணமாகவா பட்டிருக்கும்? சொந்தக் கதையாகத்தான் பட்டிருக்கும்.

வேதியராக நடித்தவர் புகழ்பெற்ற சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கதையின் முடிவில் ஆண்டையே நந்தனாரின் பெருமையை உணர்ந்து பணிகிறார். சாதியாலும் பெண் என்பதாலும் கைம்பெண் என்பதாலும் தாழ்வாக எண்ணப்பட்ட ஒருவர், பண்ணையாளாக நின்று பாட, உயர்ந்த சபைகளில் பாடும் வித்துவான் எதிரே நின்று கேட்கிறார். அந்தக் காட்சிக்கு அன்று இருந்த பொருள் சிறியதல்ல.

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவில் எத்தல் வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகி இருந்தார். 1896-ஆம் ஆண்டில் கடும் வறுமையில் பிறந்தவர். விடுதியில் பணிப்பெண்ணாக வேலை செய்தவர். கிட்டப்பா மறைந்த அதே 1933-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து நாடக அரங்கில் வெள்ளையரான நட்சத்திரங்களோடு சமமாகப் பெயர் பொறிக்கப்படும் நிலைக்கு உயர்ந்தார். அந்நாட்டில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் பல இடங்களில் ஒன்றாக உட்காரக்கூட முடியாத காலம் அது. அவரும் பாடகி, பிறகு நடிகை. முதுமையில் அவரும் பக்திப் பாடல்களையே பாடினார். 1977-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. எத்தல் வாட்டர்ஸுக்குத் திரைப்படத்தில் பெரும்பாலும் கிடைத்தவை பாட்டி வேடமும் பணிப்பெண் வேடமும். சுந்தராம்பாளுக்குக் கிடைத்தவை மூதாட்டி வேடமும் துறவி வேடமும். உலகம் அவர்கள் குரலை ஏற்றது. ஆனால் அந்தக் குரலுக்கு உரிய பெண்ணைக் கிழவியாகவோ ஞானியாகவோ பார்க்கத்தான் அதற்குத் தெரிந்தது. அந்தக் குறுகிய வழியிலும் இருவரும் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதுதான் பெருமை.

நந்தனாருக்குப் பிறகு 1940-ஆம் ஆண்டில் மணிமேகலை வந்தது. அட்சய பாத்திரத்தை ஏந்தி ஏழைகளின் பசியைத் தீர்த்த மணிமேகலையாக, பசியறிந்த சுந்தராம்பாள் நடித்தார். 1953-ஆம் ஆண்டில் ஜெமினி எஸ். எஸ். வாசன், கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ஔவையார் படத்தைத் தந்தார். தமிழர் மனத்தில் ஔவைக்கு ஒரு முகமும் குரலும் அமைந்தது அன்றுதான்.

ஔவையார் ஒருவர் அல்லர் என்பது இலக்கியம் கற்றவர்களின் கருத்து. சங்க காலத்தில் அதியமானோடு நட்புக் கொண்டிருந்த புலவர் ஒருவர். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். மக்கள் கதையில் இவர்கள் எல்லாம் ஒருவராகிவிட்டார்கள். இளமையும் அழகும் இருந்தால் திருமணம் என்று கட்டிப்போடுவார்கள், என்னை மூதாட்டியாக்கிவிடு என்று விநாயகரிடம் ஔவை வேண்டினாராம். முதுமை வந்ததும் அவர் ஊர் ஊராகப் போனார். மன்னனையும் கேள்வி கேட்டார். சுந்தராம்பாளின் வாழ்க்கையும் இந்தக் கதையைப் போன்றதே. 25 வயதில் தன்னை மூத்தவளாக்கிக் கொண்டார். அதன் பின் அவர் தனியே பயணம் செய்வதை யாரும் தடுக்கவில்லை. இளமையைக் கொடுத்துச் சுதந்திரத்தை வாங்கிய கதை இது. அத்தனை பெரிய விலையைக் கேட்ட சமுதாயம் திருந்த வேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது.

தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஆத்திசூடி படித்த பிள்ளைகளும், படிக்க வாய்ப்பில்லாமல் பால் வாளி தூக்கிய பிள்ளைகளும், ஔவையின் அறிவுரைகளை இந்தக் குரலின் வழியாகக் கேட்டார்கள். ஏட்டில் இருந்தது காதுக்கு வந்தது. எழுத்தறிவு இல்லாதவருக்கு இசைத்தட்டும் திரைப்படமும் வானொலியும் பள்ளிக்கூடமாயின.

அவர் பாட்டு கோயிலோடு நிற்கவில்லை. தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் நாடகக் கலைஞர்களைச் சுதந்திரப் போராட்டத்துக்கு அழைத்தபோது, சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். தேசியப் பாடல்கள் அவர் குரலில் இசைத்தட்டுகளாகவும் வந்தன. 1951-ஆம் ஆண்டில் அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் சென்ற முதல் திரைக்கலைஞர் அவரே என்று கூறுகிறார்கள். ரயிலில் பாடிய சிறுமி, சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்தார்.

1964-ஆம் ஆண்டில் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடித்தார். 1965-ஆம் ஆண்டில் வந்த திருவிளையாடலில் மீண்டும் ஔவை. பழம் கிடைக்காத கோபத்தில் பழனிமலை ஏறிய முருகனைச் சமாதானம் செய்யும் அந்தக் காட்சியை நம்மில் பார்க்காதவர் குறைவு. 1967-ஆம் ஆண்டில் கந்தன் கருணை. 1969-ஆம் ஆண்டில் துணைவன். துணைவன் படப் பாடலுக்காக அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. இந்த விருதைப் பெண்களில் முதலில் பெற்றவர் பி. சுசீலா, இரண்டாவதாகப் பெற்றவர் சுந்தராம்பாள். 60 வயதைத் தாண்டிய ஒருவர், இளம் பாடகிகள் நிறைந்த காலத்தில், அந்த இடத்தைப் பெற்றார். 1970-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1973-ஆம் ஆண்டில் காரைக்கால் அம்மையார் படத்தில் பேயுருவம் வேண்டிப் பெற்ற அம்மையாராகத் தோன்றினார். 1980-ஆம் ஆண்டில் மறைந்தார்.

காலம் எத்தனையோ மாறிற்று. மைக் வந்தது; மெல்லப் பாடினாலும் கேட்கும் நிலை வந்தது. பின்னணிப் பாடகர்கள் வந்தார்கள். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்று ஆயிற்று. கீற்றுக் கொட்டகைக்காகப் பழக்கிய குரலை ஓசை குறைத்து மாற்றிக்கொள்ளச் சுந்தராம்பாள் முயலவில்லை. அதை அப்படியே கொண்டுவந்து ஒலிப்பதிவுக் கூடத்தில் நிறுத்தினார். ஆயிரம் குரல்களுக்கு நடுவே அவர் குரல் ஒரு நொடியில் அடையாளம் தெரிந்ததற்குக் காரணம் இதுவே. தனித்தன்மை என்பது பிறரைப் போல ஆக மறுப்பதில் இருக்கிறது.

நேயர்களே, சுந்தராம்பாளைப் போலப் பாடுகிறவர்கள் நம் லயங்களிலும் இருந்தார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் காமன் கூத்திலும் அந்தக் குரல்கள் ஒலித்தன. அவர்களை யாரும் இசைத்தட்டில் பதியவில்லை. அவர்கள் பாட்டுக்கு யாரும் விலை பேசவில்லை. அவர்கள் கை உழைப்புக்கும் உரிய விலை கிடைக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாள் கூலி 1984-ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சுந்தராம்பாள் ஒரு லட்சம் கேட்டதற்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

ஆகவே இரண்டு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். வீட்டில் பாட்டி இருந்தால், அவர் பாடும் பாட்டை உட்கார்ந்து கேளுங்கள். இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். அந்தப் பாட்டு அவரோடு போய்விட்டால் மீண்டும் கிடைக்காது. மற்றொன்று, உங்கள் மகள் ஒரு தொழிலைக் கற்றுத் தேர்ந்து, அதற்கு உரிய ஊதியத்தை வாய் திறந்து கேட்டால், ‘பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாயா?’ என்று அடக்காதீர்கள். கொடுமுடியிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வாய்தான் சொத்தாக இருந்தது. அதை அவர் பாடவும் பயன்படுத்தினார். தன் விலையைச் சொல்லவும் பயன்படுத்தினார்.